ஐந்து தோட்டா, ஒரு ஜாம்பி: சர்வைவல் ஹாரர் கேம்களின் பலமும் பலவீனமும்

இருட்டான, நீளமான ஒரு நடைகூடம். அதன் கோடியில் ஒரு ஜாம்பி தள்ளாடியபடி நிற்கிறது. நீங்கள் போக வேண்டிய கதவு அதற்குப் பின்னால் இருக்கிறது. கைத்துப்பாக்கியில் ஐந்து தோட்டா. அதைச் சாய்க்க ஐந்து போதலாம், போதாமலும் போகலாம். சுடாமல் சுவரை ஒட்டி ஓடிவிடலாம் என்றால், கடி வாங்க வாய்ப்பு இருக்கிறது. கடிக்குப் போட மூலிகை ஒன்றே ஒன்றுதான் மிச்சம். வந்த வழியே திரும்பி வேறு பாதை தேடலாம். அந்தப் பாதையில் என்ன நிற்கிறது என்று தெரியாது.

எதைச் செய்வது என்று கட்டை விரல் பொத்தான் மேலேயே நிற்க, நீங்கள் யோசிக்கிற அந்தப் பத்து விநாடிதான் சர்வைவல் ஹாரர். பேய், ரத்தம், அலறல் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

ஹாரர் என்றால் திகில். சர்வைவல் என்றால் உயிர் தப்பிப் பிழைத்தல். சாதாரணமாகச் சுட்டுத்தள்ளும் கேமில் எதிரி என்பவன் உங்கள் திறமையைக் காட்ட ஒரு வாய்ப்பு. சர்வைவல் ஹாரரில் எதிரி ஒரு செலவு. அவனைக் கொன்றாலும் செலவு, கொல்லாமல் விட்டாலும் செலவு. எந்தச் செலவு தாங்கும் என்று கணக்குப் போடுவது உங்கள் வேலை.

இந்த வகை கேம்களைப் பல வருடங்களாக ஆடியதில் எனக்குப் பிடிபட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவை உங்களிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டுதான் பயமுறுத்துகின்றன. தோட்டாவை, வெளிச்சத்தை, பார்வையை, நினைத்த இடத்தில் சேவ் செய்யும் (அதுவரை ஆடியதைப் பதிந்து வைக்கும்) வசதியை, சில சமயம் ஆயுதத்தையே. எதைப் பிடுங்குகிறதோ அங்கேதான் ஒரு கேமின் பலம் இருக்கிறது. அளவு கொஞ்சம் தப்பினால் பலவீனமும் அதே இடத்தில் முளைக்கிறது. அதனால் பலம் ஒரு பக்கம், பலவீனம் ஒரு பக்கம் என்று இரண்டு பட்டியல் போடுவது இங்கே சரிப்படாது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெயர் எங்கிருந்து வந்தது

1989-ல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் நின்டெண்டோவின் ஃபாமிகாம் என்ற கேம் கருவிக்கு ‘ஸ்வீட் ஹோம்’ என்ற கேமை வெளியிட்டது. பாழடைந்த மாளிகை, உள்ளே மாட்டிக்கொண்ட ஐந்து பேர். ஒவ்வொருவரும் மிகக் கொஞ்சம் பொருள்களையே சுமக்க முடியும். ஒருவர் இறந்தால் இறந்ததுதான், திரும்ப வரமாட்டார். 1992-ல் பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனத்திடமிருந்து ‘அலோன் இன் தி டார்க்’ வந்தது. வரைந்து வைத்த பின்னணிகளின் மேல் முப்பரிமாண உருவங்கள் நடமாட, கேமரா அறையின் ஏதாவது ஒரு மூலையில் அசையாமல் நின்று பார்க்கும்.

இந்த இரண்டு யோசனைகளும் 1996 மார்ச்சில் காப்காமின் ‘ரெசிடெண்ட் ஈவில்’ கேமில் ஒன்றுசேர்ந்தன. இயக்கியவர் ஷின்ஜி மிக்காமி. ‘ஸ்வீட் ஹோம்’ கேமை உருவாக்கிய டோக்குரோ ஃபுஜிவாரா இதற்குத் தயாரிப்பாளர். சர்வைவல் ஹாரர் என்ற பெயரைப் பரவலாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது இந்த கேம். வரலாறு இவ்வளவு போதும். பைக்குள் என்ன இருக்கிறது என்பது இதைவிடச் சுவாரசியமானது.

பையில் ஆறு இடம்

ரெசிடெண்ட் ஈவிலில் கிறிஸ், ஜில் என்ற இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஆடுவீர்கள். கிறிஸின் பையில் ஆறு பொருள்களுக்கு இடம். ஜில்லுக்கு எட்டு. துப்பாக்கிக்கு ஓர் இடம், தோட்டாவுக்கு ஓர் இடம், மூலிகைக்கு ஓர் இடம், சாவிக்கு ஓர் இடம் என்று போனால் பை நிரம்பிவிடும். வழியில் இன்னும் இரண்டு பொருள் கிடைத்தால், பாதுகாப்பான அறையில் இருக்கும் பெட்டி வரை நடந்து போய் வைத்துவிட்டு வர வேண்டும். அந்த நடையில், போகும்போது சுடாமல் விட்டுவந்த ஜாம்பி காத்திருக்கும்.

சேவ் செய்வதற்கும் விலை உண்டு. தட்டச்சு இயந்திரம் இருக்கும் அறைக்குப் போய், மை நாடா ஒன்றைச் செலவழித்தால்தான் சேவ் ஆகும். நாடாவும் எண்ணிக்கையில்தான் கிடைக்கும், அதுவும் பையில் இடம் பிடிக்கும். ‘இப்போது சேவ் செய்யலாமா, இன்னும் இரண்டு அறை பார்த்துவிட்டுச் செய்யலாமா?’ என்ற கேள்வி உங்களை விடவே விடாது. அடுத்த கதவுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் சேவ் செய்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது என்ற நினைப்பு வெறும் கதவையும் பயங்கரமாக்கிவிடும்.

புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் இன்னொரு பலமும் இருக்கிறது. இடம் பழகிப்போவது. ஒரே மாளிகையில் திரும்பத் திரும்ப நடப்பதால், இரண்டு மணி நேரத்தில் அதன் வரைபடம் மனதில் ஏறிவிடும். எந்தக் கதவு எங்கே திறக்கும், எந்தத் திருப்பத்தில் ஆபத்து, எது குறுக்குவழி என்று உங்கள் வீடு மாதிரியே தெரியும். அந்தப் பழக்கம் வந்த பிறகு கேம் அதைக் கலைத்துப் பார்க்கும். ஏற்கெனவே பத்திரமாகக் கடந்த நடைகூடத்தில் ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயும். தெரிந்த இடத்தில் பயப்படுவது, தெரியாத இடத்தில் பயப்படுவதைவிட ஆழமானது.

2002-ல் மிக்காமியே இந்த கேமை மறுபடி உருவாக்கியபோது ஒரு விதியைச் சேர்த்தார். இந்த வகை கேம்கள் மொத்தத்திலும் எனக்கு மிகப் பிடித்த விதி அது. கொன்ற ஜாம்பியின் உடலை எரிக்காமலும் தலையைச் சிதறடிக்காமலும் விட்டால், சில நேரம் கழித்து அது எழுந்துகொள்ளும். முன்பைவிட வேகமாக, நகங்களோடு, செந்தலையோடு ஓடிவரும். எரிக்க மண்ணெண்ணெய் வேண்டும். அதுவும் அளவாகத்தான் கிடைக்கும், அதைச் சுமக்கும் குடுவை பையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்போது கணக்கு மாறிவிட்டது. ஒரு ஜாம்பியைச் சுடுவது பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. தினமும் பத்து முறை கடக்கிற நடைகூடத்தில் அதைக் கொல்வதா, உயிரோடு விட்டு விலகிப் போவதா? ஒரு மணி நேரத்துக்கு முன் எடுத்த முடிவு இப்போது உங்களைத் துரத்திக்கொண்டு வரும். தன் முடிவையே நினைத்துப் பயப்பட வைப்பது இந்த வகை கேம் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம்.

குறைவு எங்கே குழிபறிக்கிறது

சரி, இவ்வளவு நன்றாக இருக்கிறதே, இதில் என்ன பலவீனம்?

ஒன்று, கஞ்சத்தனம். தோட்டா குறைவு என்று பயமுறுத்தினால் ஆடுபவர் சேர்த்து வைக்கத் தொடங்குவார். எதையும் செலவழிக்கமாட்டார். நல்ல ஆயுதமெல்லாம் பெட்டியில் தூங்கும், கைத்துப்பாக்கியும் கத்தியுமாகக் காலம் ஓடும். கடைசியில் கேம் முடியும்போது பெட்டி நிறையத் தோட்டா இருக்கும். பஞ்சம் என்று நம்பி அனுபவித்த பயமெல்லாம் உண்மையில் வசதியோடு வாழ்ந்த வாழ்க்கை என்று அப்போது தெரியும். இந்த அனுபவம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு. அதற்கு நேரெதிரான நிலையும் உண்டு. ஆரம்பத்தில் கண்டபடி சுட்டுவிட்டு, நடுவில் கையில் ஒன்றுமில்லாமல், பழைய சேவுக்கும் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வது. இரண்டு பேரும் ஒரே கேமை ஆடுகிறார்கள். ஒருவருக்குப் பயமே போய்விட்டது, இன்னொருவருக்குப் பொறுமை போய்விட்டது.

இதைச் சமாளிக்கச் சில கேம்கள் திரைக்குப் பின்னால் கை கொடுக்கின்றன. 2005-ல் வந்த ‘ரெசிடெண்ட் ஈவில் 4’ நீங்கள் எப்படி ஆடுகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். தடுமாறினால் எதிரிகளின் வேகமும் தாக்குதலும் சற்றுத் தணியும், நன்றாக ஆடினால் இறுகும். உங்களிடம் எது குறைவோ அந்தத் தோட்டா கிடைக்கும் வாய்ப்பும் கூடும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் இது நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் கணக்குப் போடும் ஆர்வம் குறைந்துவிடும். கேம் எப்படியும் காப்பாற்றும் என்ற எண்ணம் வந்த பிறகு ஐந்து தோட்டாவை எண்ணுவதில் என்ன பதற்றம் இருக்கப் போகிறது?

இன்னொன்று, பெரிய எதிரியோடு போடும் கடைசிச் சண்டை. திடீரென்று ஒரே அறையில் நிறையத் தோட்டாவும் மருந்தும் கிடைத்தால் அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதுவரை ஓடு, ஒளி, சேமி என்று சொல்லிக்கொடுத்த கேம், அந்த அறையில் மட்டும் நின்று சுடச் சொல்லும். நல்ல கேம்கள்கூட இந்த இடத்தில் சறுக்குகின்றன.

பார்வையை மறைப்பது

1999-ல் கொனாமி வெளியிட்ட ‘சைலண்ட் ஹில்’ ஒரு ஊரையே பனிமூட்டத்தால் மூடியது. காரணம் எளியது. அது ஓடிய முதல் பிளேஸ்டேஷன் கேம் கருவியால் அவ்வளவு பெரிய தெருக்களைத் தொலைதூரம் வரை வரைந்து காட்ட முடியாது. தூரத்தில் இருப்பதை மறைக்க ஏதாவது வேண்டும். பனியும் இருட்டும் அந்தக் குறையை மறைத்தன. அதோடு நிற்காமல், அந்த ஊரின் உயிராகவே ஆகிவிட்டன. நான்கு அடிக்கு அப்பால் தெரியாது. கையில் ஒரு சிறிய வானொலி. பிசாசு அருகில் வந்தால் அது கரகரக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்லாது. அகிரா யமாவோக்கா அமைத்த, தொழிற்சாலை இரைச்சல் போன்ற ஒலிகள் அதற்கு மேல்.

பனி எவ்வளவு முக்கியம் என்பது 2012-ல் தெரிந்தது. இரண்டாவது, மூன்றாவது பாகங்களைக் கூடுதல் தெளிவோடு ஒரு தொகுப்பாக வெளியிட்டார்கள். இரண்டாவது பாகத்தில் பனி மெலிந்துபோய், தூரத்தில் கட்டி முடிக்காத நிலப்பரப்பின் விளிம்பே கண்ணில் பட்டது. திரை தெளிவானது, ஊர் செத்துப்போனது. இந்தத் தொடரை நேசிப்பவர்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கோபம் நியாயமானது. கண்ணுக்குத் தெரியாத இடத்தை உங்கள் மனம் நிரப்பிக்கொண்டிருந்தது. அந்த வேலையை யாரோ பிடுங்கிக்கொண்டால் மிச்சமிருப்பது வெறும் நிலப்பரப்பு.

2001-ல் வந்த ‘சைலண்ட் ஹில் 2’ பற்றி ஒன்று சொல்லாமல் நகர முடியவில்லை. இறந்துபோன மனைவியிடமிருந்து கடிதம் வந்து அவளைத் தேடிப் போகும் ஜேம்ஸ் என்பவனின் கதை அது. அதன் முடிவு ஒன்று மட்டுமில்லை. எந்த முடிவு கிடைக்கும் என்பது நீங்கள் ஆடிய விதத்தைப் பொறுத்தது. மருந்து கையில் இருந்தும் காயத்தோடேயே நடந்துகொண்டிருந்தால், ‘இவனுக்கு வாழ ஆசையில்லை’ என்று கேம் புரிந்துகொள்ளும், அதற்கேற்ற முடிவைத் தரும். மருந்தை மிச்சம் பிடிப்பது என்ற சாதாரணப் பழக்கம் ஒரு மனிதனின் மனநிலையாக மாறிவிடுகிறது. பிழைக்கும் போராட்டமும் கதையும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கொண்ட கேம்கள் மிகக் குறைவு.

பார்வையை வேறு மாதிரியும் பிடுங்கலாம். அதே 2001-ல் டெக்மோ வெளியிட்ட ‘ஃபேட்டல் ஃப்ரேம்’ கேமில் உங்கள் ஆயுதம் ஒரு பழைய கேமரா. ஆவியைப் படம் எடுத்தால் அது பலவீனமாகும். ஆவி எவ்வளவு கிட்டே வருகிறதோ, அது பாயப்போகும் நொடிக்கு எவ்வளவு நெருக்கத்தில் எடுக்கிறீர்களோ, அவ்வளவு பலமான அடி. ஓட வேண்டும் என்று உடம்பு கெஞ்சும்போது நின்று, கேமராவைக் கண்ணில் வைத்து, முகத்துக்கு நேரே பார்த்துக் காத்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும் கணத்தில் கண்ணைத் திறந்து வைக்கச் சொல்லும் இந்த யோசனையை இருபத்தைந்து ஆண்டுகளாக யாரும் மிஞ்சவில்லை என்பது என் கருத்து.

மறைப்பதிலும் அளவு தப்பலாம். பழைய கேம்களில் கேமரா அறையின் மூலையில் நிற்கும், பாத்திரம் ஒரு பீரங்கி வண்டியைப் போல நின்று திரும்பித்தான் நடக்கும். அந்தத் தடுமாற்றமும் பயத்தைக் கூட்டியது என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. அடுத்த கோணத்தில் என்ன நிற்கிறது என்று தெரியாமல் காலடிச் சத்தத்தை மட்டும் கேட்பது அருமையான பயம். பொத்தானை அழுத்தியும் பாத்திரம் சொன்னபடி திரும்பாததால் சாவது எரிச்சல். பயத்தில் செத்தால் மறுபடி ஆடுவீர்கள், எரிச்சலில் செத்தால் கருவியை அணைத்துவிடுவீர்கள்.

இரண்டு மூளை கொண்ட வேட்டைக்காரன்

ஒரே ஒரு கேமை எடுத்து பலத்தையும் பலவீனத்தையும் முழுதாகப் பார்க்க வேண்டுமானால் நான் ‘ஏலியன்: ஐசோலேஷன்’ கேமைத்தான் எடுப்பேன். 2014 அக்டோபரில் கிரியேட்டிவ் அசெம்ப்ளி உருவாக்கி சேகா வெளியிட்டது. செவஸ்டபோல் என்ற விண்வெளி நிலையம். அமாண்டா ரிப்ளி என்ற பொறியாளர், காணாமல்போன தன் அம்மாவைப் பற்றிய தடயம் தேடி வருகிறாள். நிலையத்துக்குள் ஒரு வேற்றுலக உயிர் திரிகிறது. அதை எந்த ஆயுதத்தாலும் கொல்ல முடியாது. பிடித்தால் அதோடு முடிந்தது.

இந்த உயிர் எந்த வழியாக, எப்போது வரும் என்று முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. அதற்குப் பின்னால் இரண்டு மூளைகள் வேலை செய்கின்றன. ஒன்று மேலிருந்து பார்க்கும் இயக்குநர் மாதிரி. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அதற்கு எப்போதும் தெரியும். இரண்டாவது அந்த உயிரின் சொந்த மூளை. அதற்கு உங்கள் இடம் தெரியாது. மேலே இருப்பது அவ்வப்போது ‘அந்தப் பக்கமாகப் போய்ப் பார்’ என்று மட்டும் சொல்லும். போன பிறகு கண்ணாலும் காதாலும் தேடிக் கண்டுபிடிப்பது அந்த உயிரின் பாடு. நீங்கள் ரொம்ப நேரமாக நெருக்கடியில் இருந்தால், மேலே இருக்கும் மூளை அதைக் காற்றுக் குழாய்களுக்குள் திருப்பி அனுப்பி உங்களுக்கு மூச்சுவிட நேரம் தரும். அப்புறம் மறுபடி இறக்கிவிடும்.

இதன் விளைவு அபாரமானது. அது ஏமாற்றவில்லை என்று உங்களுக்குத் தோன்றும். நீங்கள் தட்டிய இரும்புச் சாமானின் சத்தம் கேட்டுத்தான் வந்தது, நீங்கள் ஓடியதால்தான் திரும்பியது. தவறு உங்களுடையது. கேம் போகப் போக அதன் புதுப்புது நடத்தைகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படுவதால், அது உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது என்றே நம்பத் தொடங்குவீர்கள். கையில் இருக்கும் அசைவு காட்டும் கருவியும் இதற்குத் துணைபோகிறது. அதைப் பார்த்தால் உயிர் எங்கே என்று தெரியும். ஆனால் அதை உயர்த்திப் பிடிக்கும்போது எதிரே இருக்கும் காட்சி மங்கும். அதன் சத்தம் மிக அருகில் இருக்கும் எதிரியின் காதில் விழவும் கூடும்.

சேவ் செய்ய, சுவரில் இருக்கும் அவசரத் தொலைபேசியில் அட்டையைச் செருகி, மூன்று விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும் வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சில விநாடிகளிலும் அந்த உயிர் முதுகுக்குப் பின்னால் வந்து கொல்லலாம். பாதுகாப்பைத் தேடிப் போகும் செயலையே ஆபத்தாக்கியது எனக்கு இந்த கேமில் மிகவும் பிடித்த முடிவு.

இனி பலவீனம். முதலில் நீளம். சாதாரணமாக ஆடினால் இருபது மணி நேரத்தை நெருங்கும். பயம் அவ்வளவு நேரம் தாங்காது. முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் இன்னொரு வேலை வரும், அதை முடித்தால் இன்னொன்று. நடுவில் அந்த உயிர் இல்லாமல் மனித உருவ இயந்திரங்களோடு கழியும் பகுதி, முதல் பாதியில் இறுகியிருந்த கயிற்றைத் தளர்த்திவிடுகிறது. நெருப்புக் கக்கும் ஆயுதம் கையில் வந்த பிறகு உயிரைச் சற்று நேரம் விரட்டிவிட முடியும். விரட்ட முடிகிற ஒன்றை ஆரம்பத்தில் பயந்த அளவு யாரும் பயப்படுவதில்லை.

அடுத்தது காத்திருப்பு. அலமாரிக்குள் ஒளிந்து, கீற்று இடைவெளியில் பார்த்து, அது போய்விட்டதா என்று மூன்று நிமிடம் நிற்பது முதல் ஐந்து முறை உயிரை உறைய வைக்கும். இருபதாவது முறை வேலை நேரம் முடியக் காத்திருப்பது போலாகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான பிரச்சினை, சாவு. இது இந்த ஒரு கேமோடு நிற்பதில்லை. முதல்முறை பிடிபட்டுச் சாவது பயங்கரம். இரண்டாவது முறை எங்கே தவறினோம் என்று யோசிப்பீர்கள். ஏழாவது முறை, அதே அறை, அதே மேசை, அதே திருப்பம், அது எங்கிருந்து இறங்கும் என்ற கணிப்பு. அப்போது உங்கள் முன்னால் நிற்பது பிசாசு இல்லை, தாண்ட வேண்டிய தடை. சர்வைவல் ஹாரரின் நடுவில் இருக்கும் முரண் இது. சாவு இல்லாவிட்டால் பயம் இல்லை. சாவு அதிகமானாலும் பயம் இல்லை. செத்துவிடுவோம் என்ற நினைப்பில் மயிரிழையில் தப்பிக்கொண்டே இருப்பது வரைக்கும்தான் பயம் உச்சத்தில் இருக்கும். எல்லோருடைய திறமைக்கும் அந்த மயிரிழையை ஒரே இடத்தில் வைப்பது யாராலும் முடியாத வேலை.

ஆயுதமே இல்லாவிட்டால்

2010-ல் சுவீடனின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் வெளியிட்ட ‘அம்னீசியா: தி டார்க் டிசென்ட்’ ஆயுதத்தை முழுதாக எடுத்துவிட்டது. ஓடலாம், ஒளியலாம், அவ்வளவுதான். இருட்டில் நின்றால் மனம் கலங்கும். வெளிச்சத்தில் நின்றால் பிசாசு பார்த்துவிடும். பிசாசை நீங்கள் பார்த்தாலும் மனம் கலங்கும். எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒன்றை இழப்பீர்கள். 2013-ல் வந்த ‘அவுட்லாஸ்ட்’ கையில் ஒரு வீடியோ கேமராவை மட்டும் கொடுத்தது. அதன் இரவுப் பார்வையில்தான் இருட்டில் நடக்க முடியும், அதற்குப் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

இவை பயத்தை எளிதாகக் கொண்டுவருகின்றன. முடிவெடுப்பதைக் குறைத்துவிடுகின்றன என்பது இவற்றின் குறை. சுடலாமா வேண்டாமா என்ற கேள்வியே இல்லாதபோது மிச்சமிருப்பது ஓட்டமும் ஒளிதலும். பிசாசு வந்தால் ஒளி, போனால் நட என்ற தாளம் பிடிபட்டுவிட்டால் அதற்கு மேல் கணக்குப் போட ஒன்றும் இருக்காது. அதனால்தான் இந்த வகையில் வந்த பல சிறிய கேம்கள் திடீரென்று முகத்துக்கு நேரே ஒன்றைப் பாயவிட்டு அலற வைப்பதை நம்பியிருக்கின்றன. அலறல் உடம்பின் அனிச்சைச் செயல். அதற்கு நீங்கள் எதையும் இழக்கத் தேவையில்லை. ஆதலால் அது மனதில் தங்குவதும் இல்லை.

ஃப்ரிக்‌ஷனல் நிறுவனமே 2015-ல் ‘சோமா’ என்ற கேமை வெளியிட்டது. கடலடி ஆய்வு நிலையம், மனித உணர்வு என்றால் என்ன என்று கேட்கும் கதை. 2017 டிசம்பரில் அதில் ஒரு பாதுகாப்பு வசதியைச் சேர்த்தார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் பிசாசுகள் இருக்கும், உங்களைக் கொல்லாது. அந்தக் கதையின் திகில் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அதன் பயம் பிசாசில் இல்லை, கதை கேட்கும் கேள்வியில் இருக்கிறது. இதயம் படபடப்பது பிடிக்காதவர்கள், கை வேகம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் இது கதவைத் திறந்துவிட்டது. நான் இதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் அப்படி ஆடும்போது ஹாரர் இருக்கிறது, சர்வைவல் போய்விட்டது. இரண்டும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

ஒரு தொடர் வழிதவறித் திரும்பிய கதை

தோட்டா குறைவாக இருப்பது பலருக்குப் பிடிக்காது. நிறைய கேம்கள் விற்க வேண்டிய பெரிய நிறுவனங்களுக்கு இது தலைவலி. ரெசிடெண்ட் ஈவில் தொடர் நான்காம் பாகத்தில் சண்டைப் பக்கம் சாய்ந்தது. அந்த கேம் ஒரு சாதனை, மறுப்பதற்கில்லை. 2009-ல் ஐந்தாம் பாகம், 2012-ல் ஆறாம் பாகம் என்று வரும்போது வெடிப்பும் துரத்தலும்தான் மிஞ்சின. 2017-ல் ஏழாம் பாகம் கேமராவைக் கண்ணுக்கே கொண்டுவந்து, ஒரே வீட்டுக்குள், ஒரு குடும்பத்தோடு உங்களைப் பூட்டியது. தோட்டாவை மறுபடி எண்ணினோம். 2019-ல் இரண்டாம் பாகத்தின் மறு உருவாக்கம் வந்தது. அதில் மிஸ்டர் எக்ஸ் என்ற ராட்சதன் காவல் நிலையம் முழுக்கத் துரத்துவான். எத்தனை தோட்டா போட்டாலும் சற்று நேரம் முட்டிபோடுவானே தவிர சாகமாட்டான். மாடியில் அவன் காலடி கேட்கும்போது கையில் புதிருக்கான கருவியை வைத்துக்கொண்டு யோசிப்பது ஒரு தனி அனுபவம். சிலருக்கு அவன் வந்த பிறகுதான் கேம் தொடங்கியது. சிலருக்கு அவன் புதிரைத் தீர்க்க விடாத தொல்லை. இரண்டு கட்சியும் சரியென்றே எனக்குப் படுகிறது.

எங்கிருந்து தொடங்குவது

இந்த வகைக்கு முற்றிலும் புதியவர் என்றால் அந்த 2019 கேமையே எளிய நிலையில் ஆடிப்பாருங்கள். கட்டுப்பாடு சுலபம், சேவ் செய்ய நாடா தேவையில்லை, இடம் பழகும் சுகமும் பை நிரம்பும் பதற்றமும் இரண்டுமே கிடைக்கும். கதைக்காக வருபவர்கள் 2024-ல் வந்த ‘சைலண்ட் ஹில் 2’ மறு உருவாக்கத்துக்குப் போகலாம். ஏலியன் மூன்றாவதாக இருக்கட்டும். எதை ஆடினாலும் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். இந்த கேம்களில் தகவலின் பாதி ஒலியில் இருக்கிறது. ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் ஆடவும் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயம் மழுங்கும், கேமின் மேல் தவறில்லாத இடத்திலும் சலிப்பு வரும்.

பழகிய பிறகு, 2023-ல் வந்த ‘அம்னீசியா: தி பங்கர்’ கேமைத் தேடிப் பிடியுங்கள். நான் மேலே சொன்ன பலவீனங்கள் பலவற்றுக்கு அது பதில் தேடியிருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்துப் பதுங்கு குழி. ஒரே ஒரு பிசாசு. சில மணி நேரத்தில் முடிந்துவிடும் அளவு. ஒரு ரிவால்வர் உண்டு, தோட்டா விரல்விட்டு எண்ணலாம், சுட்டால் பிசாசு விலகிப் போகும், சாகாது. பொருள்கள் இருக்கும் இடமும் பூட்டுகளின் எண்களும் ஒவ்வொரு முறையும் மாறுவதால் மனப்பாடம் உதவாது. கையில் இருக்கும் விளக்கைக் கயிறு இழுத்துத்தான் எரிய வைக்க வேண்டும், இழுக்கும் சத்தம் பிசாசை வரவழைக்கும். குழி முழுவதும் விளக்கெரிய ஒரு ஜெனரேட்டர் ஓடுகிறது. எரிபொருள் தீர்ந்தால் இருட்டு, இருட்டில் பிசாசு துணிந்துவிடும்.

அங்கே ஒரு கட்டத்தில் ஒரு கேன் எரிபொருளோடு நிற்பீர்கள். ஜெனரேட்டரில் ஊற்றினால் இன்னும் சில நிமிடம் வெளிச்சம். எதிரே இருக்கும் நடைகூடத்தில் பிணங்களைத் தின்றுகொண்டு எலிக்கூட்டம் வழியை அடைத்திருக்கிறது, அதே எரிபொருளை ஊற்றிக் கொளுத்தினால் அவை சிதறும். கேன் ஒன்றுதான் இருக்கிறது. சுவருக்குள் ஏதோ நகரும் சத்தம் கேட்கிறது.